தங்கை வீட்டு விளக்குகள்

என் தங்கை வீட்டு முன்கதவு திறக்கும்போதெல்லாம் என் கைப்பேசி ஒருமுறை அதிரும். காலை எட்டு பத்துக்கு ஒருமுறை. குழந்தையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, மறந்த எதையோ எடுக்க அவள் திரும்பி வரும் எட்டு பதினெட்டுக்கு ஒருமுறை. மறுபடி கிளம்பும் எட்டு இருபதுக்கு ஒருமுறை. பிறகு மாலை ஐந்தே முக்கால் வரை ஒன்றும் இருக்காது. எட்டு மாதங்கள் இப்படித்தான் போயின. இந்த நேரங்களில் ஒன்றைக்கூட அவள் என்னிடம் சொன்னதில்லை. அவள் வீட்டுக் கதவு என்னிடம் பேசிக்கொண்டிருந்தது என்பதே அவளுக்குத் தெரியாது.

நான் ஓர் இணைய நிறுவனத்தின் உதவி மையத்தில் பதினோரு வருடங்களாக வேலை பார்க்கிறேன். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "ரூட்டரை ஆஃப் பண்ணி முப்பது வரைக்கும் எண்ணிட்டு மறுபடி போடுங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடமாவது சொல்வேன். திருடு போய்விடும் என்று ரூட்டரை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சிக்னல் வரவில்லை என்று என்னோடு சண்டை போட்டவர் உண்டு. தூசி படக்கூடாது என்று பூப்போட்ட துணியால் இழுத்து மூடி, அது சூடேறி அணைந்து அணைந்து போக, "இதுக்குக் காய்ச்சல் வந்திருக்கும்மா" என்ற பெண்மணி உண்டு. உறவினர் வீடுகளுக்குப் போனால் தண்ணீர் வருவதற்கு முன்னால் கைப்பேசி வந்துவிடும். "வந்ததுதான் வந்தே, இத கொஞ்சம் பாத்துக் குடேன்." பேருந்து ஓட்டும் என் கணவர் எனக்கு 'சென்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார். "சென்டர், டிவி சுத்திக்கிட்டே இருக்கு. உங்க ஆள அனுப்பறீங்களா, இல்ல நானே தலையில தட்டட்டுமா?"

எனக்கு இதெல்லாம் பிடிக்கும். யாருக்காவது ஏதாவது தெரியாமல் இருக்கும்போது, எனக்கு அது தெரிந்திருப்பது பிடிக்கும்.

என் தங்கை என்னைவிட ஒன்பது வயது சிறியவள். மருந்துக் கடையில் வேலை. ஏழு வருடம் குடும்பம் நடத்திவிட்டுப் போன வருடம் கணவனை விட்டு வந்தாள். அவன் அடித்தவன் இல்லை, குடித்தவன் இல்லை. கேள்வி கேட்பான். "நாலு பத்துக்குக் கடையிலேர்ந்து கிளம்பியிருக்கே. நாலு நாப்பதுக்கு வீட்டுக்கு வந்திருக்கே. பத்து நிமிஷ வழி. மீதி இருபது நிமிஷம் எங்க போச்சு?" தினமும் சாப்பாடு முடிந்ததும் அவள் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, செய்தித்தாள் படிப்பதைப்போல மேலிருந்து கீழ் வரை படிப்பான். கடைகளில் கேமரா மாட்டுவதுதான் அவன் தொழில். வீட்டிலும் அதே தொழில்தான் என்று சொல்லி அவளைச் சிரிக்க வைத்தேன். அவளுடைய பெட்டிகளை மாடியிலிருந்து முதலில் இறக்கி வைத்தவள் நான்.

அவளுக்கு ஒரு வீடு கிடைத்தது. இரண்டாவது மாடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி ஒரு சமையலறை. அங்கே நண்பகலிலும் விளக்குப் போட வேண்டும். நான் இரண்டு நாள் விடுப்புப் போட்டேன். ரூட்டரை டிவிக்குப் பின்னால் திணிக்காமல் கூடத்தின் நடுச்சுவரில் உயரமான பலகை அடித்து வைத்தேன். வந்து போகிறவர்களுக்கென்று தனி இணைப்பு ஒன்றை ஒதுக்கினேன். மூன்று அறைகளுக்கும் கைப்பேசியிலிருந்து போட்டு அணைக்கும் பல்புகள். பயந்துகொண்டே இருக்கிறாளே என்று கதவில் ஒரு சென்சார். கதவு திறந்தால் கைப்பேசியில் தெரியும், உடனே கூடத்து விளக்கும் எரியும்.

இதற்கெல்லாம் ஒரு செயலி உண்டு. அதில் வீட்டை யார் பதிவு செய்கிறார்களோ அவர்தான் உரிமையாளர். மற்றவர்கள் உறுப்பினர்கள். உறுப்பினர் விளக்கைப் போடலாம், அணைக்கலாம். எந்தக் கதவு எப்போது திறந்தது, எந்த விளக்கு எத்தனை மணிக்கு அணைந்தது என்ற பதிவு உரிமையாளருக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு அவள் கடையில் இருந்தாள். அவள் கைப்பேசியும் அவளோடு இருந்தது. வேலை நிற்கக்கூடாது என்று என் பெயரிலேயே பதிந்தேன். இப்போதைக்குத்தான். வந்ததும் மாற்றிக் கொடுத்துவிடலாம்.

மாலையில் அவள் கதவைத் திறந்தாள். கூடத்து விளக்கு தானாக எரிந்தது. செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றாள்.

"அக்கா, நான் வந்தேன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குக்கா" என்றாள். அழுதாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரத்தில் கைப்பேசியை வாங்கி உரிமை மாற்றுவதா என்று விட்டுவிட்டேன். அதற்கு நான்கு நிமிடம் ஆகும். எத்தனையோ பேருக்குத் தொலைபேசியிலேயே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலை எட்டு பத்துக்குக் கைப்பேசி அதிர்ந்தது. கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன். மனதுக்கு இதமாக இருந்தது.

முதல் மாதம் அதைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது மாதம் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. உதவி மையத்தில் ஓர் அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவே பதினைந்து விநாடி கிடைக்கும். அதில் பதிவைத் திறந்து பார்ப்பேன். நேற்று படுக்கையறை விளக்கு சீக்கிரம் அணைந்திருக்கிறது, குழந்தைக்கு உடம்பு சரியில்லையோ. இன்று ஆறரை ஆகியும் கதவு திறக்கவில்லை, எங்கே போனாள். அந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்டதே இல்லை. அவன் கேட்பான், நான் கேட்பதில்லை. எங்கள் இருவருக்கும் அதுதான் வித்தியாசம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

என் கணவருக்குத் தெரியும்.

"சென்டர், உன் தங்கச்சி வீடு வந்து சேந்துட்டா. மணியடிச்சிருச்சு."

"சும்மா இருங்க."

"நான் சும்மாதான் இருக்கேன். நீதான் டூட்டி பாக்கறே. ஓவர்டைம் வேற."

நானும் சிரித்தேன். சிரித்ததால் அது ஒரு வேடிக்கைபோல வீட்டில் இடம் பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கையும் குழந்தையும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். குழந்தையை நாங்கள் குட்டி என்று கூப்பிடுவோம். ஆறு வயது. ஐந்தாவது மாதம் முதல் வரவு குறைந்தது. "ஞாயித்துக்கிழமையும் டியூட்டி போட்டுட்டாங்கக்கா. குட்டிய பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போறேன்." பாவம் என்றுதான் நினைத்தேன். பாத்திரங்களில் கட்டி அனுப்பக்கூட யோசித்தேன். பிறகு பதிவைப் பார்த்தேன். காலையிலிருந்து கதவு திறக்கவே இல்லை. சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு ஞாயிறு பொறுத்தேன். மூன்றாவது ஞாயிறு நண்பகலில் அவளைக் கூப்பிட்டேன்.

"எங்கடி இருக்கே?"

"கடையிலக்கா. ஒரே கூட்டம். அப்புறம் பேசட்டுமா?"

கூட்டத்தின் சத்தம் எதுவும் இல்லை. குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நான் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து, செயலியைத் திறந்து, சமையலறை விளக்கை அணைத்தேன்.

"ஐயோ" என்றாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. ஒருத்தர் மருந்து பாட்டிலக் கீழ போட்டுட்டார். வைக்கறேன்."

மணி பன்னிரண்டு நாற்பத்தொன்று. திரும்பப் போட்டேன். கட்டிலில் உட்கார்ந்தேன். இதைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. என்னிடம் பொய் சொன்னவளை இருந்த இடத்திலிருந்தே சின்னதாக ஒரு குட்டுக் குட்டிவிட்டேன் என்ற சந்தோஷம். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, பொய் சொன்னால் காதைத் திருகுவேன். அதுதான் இது, வேறொன்றுமில்லை என்று பட்டது.

அடுத்த ஞாயிறும் செய்தேன். அதற்கடுத்த ஞாயிறு மூன்று அறைகளையும் ஒன்றாக அணைத்தேன், போட்டேன், அணைத்தேன். அன்றைக்கு அவள் என்னைக் கூப்பிடவில்லை. நானும் அவளைக் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை இடைவேளையில் அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, அவர்தான்க்கா."

"எவரு?"

"குட்டியோட அப்பா. வீட்டு லைட்டெல்லாம் தானா அணையுது, எரியுது. மூணு வாரமா. நேத்து குட்டி தூங்கிட்டிருந்தா. எழுந்து ஒரே அலறல். அப்புறம் என்னைவிட்டு நகரவே இல்ல. பாத்ரூமுக்குக்கூடக் கூடவே வரா."

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன்.

"ஒருநாள் குட்டியக் கொண்டுவந்து விட்டவரு, மழைன்னு மேல வந்து உக்காந்தாரு. வைஃபை கேட்டாரு, கொடுத்தேன். கேமரா மாட்டறவருக்கு இதெல்லாம் ஜுஜுபி வேலைதானே? அத வச்சு உள்ள வந்திருப்பாரில்ல? உனக்குத்தான் தெரியுமே, சொல்லுக்கா. முடியுமா?"

முடியாது. வந்து போகிறவர்களுக்கென்று நானே பிரித்து வைத்த இணைப்பு அது. அதிலிருந்து விளக்குகளைத் தொட வழியில்லை. எந்த வாடிக்கையாளர் கேட்டிருந்தாலும் அரை நிமிடத்தில் விளக்கியிருப்பேன்.

"இருக்கலாம்" என்றேன்.

விளக்கை அணைத்தது அல்ப புத்தி. அதைக்கூட என்றைக்காவது நான் மறந்துவிடலாம். இந்த ஒரு வார்த்தை அப்படி இல்லை. இதைக் கேட்டுத்தான் அவள் முடிவெடுத்தாள். சனிக்கிழமைகளில் அவன் வந்து குட்டியை அழைத்துப்போய் மாலையில் கொண்டுவந்து விடுவான். பிரிந்தபோது பேசிவைத்த ஏற்பாடு அது. அந்தச் சனிக்கிழமை அவனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

செவ்வாயன்று போய் வைஃபை கடவுச்சொல்லை மாற்றினேன். ரூட்டரை அணைத்துப் போட்டேன். முகத்தைச் சுருக்கிக்கொண்டு திரையில் எதையோ தேடினேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்க்கா."

குட்டி என் மடியில் ஏறினாள். "பெரியம்மா, பேய அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன்."

"திரும்ப வந்தா?"

"வராது" என்றேன். அதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

எங்கள் பகுதி நூலகத்தில் மாதம் ஒருமுறை, வியாழக்கிழமை மாலை, வீட்டு இணையம் பற்றி ஒரு வகுப்பு எடுக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், கடை வைத்திருப்பவர்கள். அடுத்த வாரம் அந்த வகுப்பு வந்தது. பழைய பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறந்த தேதி வைக்காதீர்கள், அப்டேட் கேட்டால் பயப்படாமல் கொடுங்கள் என்று வழக்கமானதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த தையல்காரம்மா கையைத் தூக்கினார்.

"எங்க வீட்டுல எல்லாத்தையும் எங்க மாப்ளதான் போட்டுக் குடுத்தாரு. நான் எத்தன மணிக்குத் தூங்கறேன்னு அவருக்குத் தெரியுது. 'அத்தை, நேத்து ரொம்ப நேரம் டிவி பாத்தீங்க போல'ங்கறாரு. இது நல்லதா, கெட்டதா?"

சிரிப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஒருவர், "நல்ல மாப்ளதாம்மா. என் மாப்ளைக்கு நான் உயிரோட இருக்கேன்னே தெரியாது" என்றார்.

"அவர் பேர்ல பதிஞ்சிருப்பாரு" என்றேன். "அவர்தான் ஓனர். நீங்க உறுப்பினர்."

"அதெப்படி? வீடு என்னோடது, கரண்டு பில்லு நான் கட்டறேன். போட்டுக் குடுத்தவரு ஓனரா?"

"உரிமைய உங்க பேருக்கு மாத்தித் தரச் சொல்லுங்க. நாலு நிமிஷம்தான்."

"கேட்டா கோச்சுக்குவாரே. நல்லது பண்ணவரு."

வெள்ளைப் பலகையில் படிகளை எழுதினேன். ஒன்று, அமைப்புகள். இரண்டு, வீட்டு உறுப்பினர்கள். மூன்று, உரிமையை மாற்று. என் கையெழுத்து எப்போதும்போலத்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அதை நோட்டில் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. திரும்பவே மனம் வரவில்லை. சொல்லிக் கொடுக்கிறவள் என்று என்னைப் பார்க்கும் பன்னிரண்டு முகங்கள் அங்கே இருந்தன. தையல்காரம்மா மட்டும் எழுதவில்லை.

"நல்லது பண்றவங்ககிட்டதாம்மா எதையும் கேக்க முடியறதில்ல" என்றார், பேனா மூடியைக் கடித்தபடி.

மறுநாள் மதியம் குட்டியின் அப்பா கூப்பிட்டான். பிரிந்த பிறகு என்னிடம் அவன் பேசியதே இல்லை.

"அக்கா, வைச்சிராதீங்க. ஒரே நிமிஷம்."

"சொல்லுங்க."

"நான் யோக்கியன்னு சொல்ல வரல. அவளப் படுத்தினேன், தெரியும். ஆனா லைட்ட நான் அணைக்கலக்கா. எம் பொண்ணு தூங்கறப்போ அப்படிப் பண்ணுவேனா? போன சனிக்கிழமையும் பாக்கல. நாளைக்கும் வர வேண்டாங்கறா. வக்கீல்கிட்ட எழுதிக் குடுக்கப் போறாளாம். மொத்தமா நிறுத்திருவாங்கக்கா. உங்களுக்கு இந்த வேல தெரியும். ஒரே ஒரு தடவ போய்ப் பாருங்க. யார் பண்ணாங்கன்னு அதுலயே இருக்கும்."

"பாக்கறேன்" என்றேன்.

"நீங்க பாத்தா சரியா சொல்லுவீங்க. அந்த நம்பிக்க இருக்கு" என்றான்.

என்னைப் பிடிக்காதவன்கூட என்னை நம்பினான். செயலியைத் திறந்தேன். பதிவின் அடியில் 'வரலாற்றை அழி' என்று சிவப்பில் ஒரு வரி இருக்கும். தொட்டால் போதும், எட்டு மாதமும் போய்விடும். உரிமையையும் ஏதாவது சாக்குச் சொல்லி மாற்றிக் கொடுத்துவிடலாம். விளக்குகள் இனி அணையப் போவதில்லை. கொஞ்ச நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள், அவனைத் தவிர. அழிக்கவில்லை. நேர்மையினால் என்று சொல்லமாட்டேன். அதை அழித்தால் அவள் நாட்கள் என் கையைவிட்டுப் போய்விடுமே என்றுதான் முதலில் தோன்றியது. தோன்றிய உடனேயே கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கை என்னை வரச் சொல்லியிருந்தாள். கூடத்து மேசையில் கோடு போட்ட தாள்களும் பேனாவும் தயாராக இருந்தன. படுக்கையறை வாசலில் குட்டி ஷூ போட்டுக்கொண்டு, முதுகில் பையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா வரலேன்னு நாலு தடவ சொல்லிட்டேன்" என்றாள் தங்கை. "கேக்க மாட்டேங்கறா."

"நான் சும்மா போட்டிருக்கேன்" என்றாள் குட்டி. "காலு குளுருது."

தங்கை அவளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"வக்கீல் எழுதிக் கேட்டிருக்காங்கக்கா. டெக்னிக்கலா எப்படி நடந்திருக்கும்னு தெளிவா இருக்கணுமாம். எனக்கு அந்த வார்த்தையெல்லாம் வராது. நீ எழுது. உன் வேலையையும் கீழ எழுதிக் கையெழுத்துப் போடு. உதவி மையத்துல பதினோரு வருஷம்னா ஒரு மதிப்பு இருக்கும்."

பேனாவை எடுத்தேன். மேலே தேதி எழுதினேன். முதல் சம்பவம் என்று எழுதினேன். கை தானாகப் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி. நண்பகல் 12:41. சமையலறை.

அவள் தலையைச் சாய்த்துப் படித்தாள்.

"பன்னெண்டு நாப்பத்தொண்ணா? எனக்கு மத்தியானம்னு மட்டும்தான் ஞாபகம். நீ அப்பப் போன்ல இருந்தே, இல்ல?" என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவள் முகம் தெளிந்தது. "ஓ, அன்னிக்கி வந்தப்போ ரூட்டர்ல பாத்துக் குறிச்சு வச்சியா? சமத்துக்கா நீ."

தப்பிக்கும் வழியை அவளே திறந்துவிட்டாள். ஆமாம் என்று சொன்னால் போதும். அவள் கண்களில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. ஏழு வருடம் ஒருவன் கேள்வி கேட்டுக் கேட்டு நசுக்கிய பிறகும், என்னிடம் மட்டும் கேள்வி எதையும் மிச்சம் வைக்காமல் நம்பினாள். அந்த நம்பிக்கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை மறைத்திருப்பேன்.

"நான்தான்டி" என்றேன்.

"என்ன நீதான்?"

"லைட்ட அணைச்சது. மூணு தடவையும்."

அவளுக்குப் புரியவில்லை. சிரிக்கப் போனாள். கைப்பேசியை எடுத்து, பதிவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினேன். வரிசையாக இருந்தது. சமையலறை விளக்கு அணைக்கப்பட்டது, உரிமையாளர். படுக்கையறை விளக்கு அணைக்கப்பட்டது, உரிமையாளர். அவள் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனாள். முன்கதவு திறந்தது. முன்கதவு மூடியது. போன மாதம். அதற்கு முந்தைய மாதம். அவள் நிறுத்தவில்லை. எட்டு மாதங்களையும் தள்ளினாள். அதற்கு வெகுநேரம் பிடித்தது. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக்கொண்டே இருந்தார்கள், அது கிளம்பவில்லை.

"எட்டு பதினெட்டு" என்றாள். "இது நான் தண்ணி பாட்டில் மறந்துட்டு வர்ற நேரம்."

"ம்."

"தினமும் பாத்தியா?"

"பாத்தேன்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன். அவள் முகம் அப்போதுதான் மாறியது. தன்னை வைத்து எங்கள் வீட்டில் ஒரு சிரிப்பு நடந்திருக்கிறது என்பதைச் சொல்லாமலே கண்டுகொண்டாள்.

"நீ என்கிட்ட பொய் சொன்னே" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. இத்தனைக்குப் பிறகும் வாயில் ஒரு நியாயம் மிச்சம் இருந்தது. "டியூட்டின்னு சொல்லிட்டு வீட்டுலயே இருந்தே. ஏன் வரலேன்னு..."

"படுத்திருந்தேன்க்கா." அவள் குரலை உயர்த்தவில்லை. "ஞாயித்துக்கிழமை நான் ஒண்ணும் பண்ணல. எந்த ஆளும் வரல. குட்டியும் நானும் தலைகூட வாராம, கிடந்ததத் தின்னுட்டு, சும்மா படுத்திருந்தோம். உன் வீட்டுக்கு வந்தா நீ நல்லதுதான் சொல்லுவே. ஏன் எளச்சுட்டே, குட்டிய ஏன் அந்த ஸ்கூல்ல போட்டே, இத இப்படிப் பண்ணியிருக்கலாமேன்னு. எல்லாம் நல்லதுதான். ஒரு நாளு யாரும் எதுவும் கேக்காம இருக்கணும்னு இருந்துச்சு. அதச் சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு டியூட்டின்னேன்."

அவள் என் கைப்பேசியின் திரையை அணைத்தாள்.

"அவரு மூஞ்சிக்கு நேரா கேப்பாரு. பதில் சொல்லவாவது செய்யலாம்" என்றாள்.

பிறகு எழுந்தாள். நான் எழுதிய தாளை நான்காக மடித்தாள். கிழிக்கவில்லை. தன் கைப்பேசியில் ஓர் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேசை நடுவில் வைத்தாள்.

"நீயே சொல்லு."

"யார்கிட்ட?"

"உனக்குத் தெரியும்."

இரண்டாவது மணியிலேயே எடுத்தான். "குட்டி நல்லாருக்காளா?" என்றான் முதலில்.

"நான் அக்கா பேசறேன்" என்றேன். "லைட்ட நீங்க அணைக்கல. நான்தான் அணைச்சேன். என் போன்லேர்ந்து. இவளுக்கு இப்பத்தான் தெரியும்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெல்லச் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. அலுத்துப்போனவன் சிரிப்பு.

"அப்போ நீங்களும் நம்ம கட்சிதானாக்கா" என்றான்.

தங்கை கைப்பேசியை எடுத்து ஸ்பீக்கரை அணைத்தாள். "பதினொண்ணுக்கு வாங்க. குட்டி ரெடியாத்தான் இருக்கா. மேல ஏறி வர வேண்டாம், கீழ நில்லுங்க" என்று சொல்லி வைத்தாள். அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனும் அதை எதிர்பார்த்திருக்கமாட்டான்.

என் கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினாள். "உரிமைய மாத்து."

மாற்றினேன். இரண்டு முறை தவறாக அழுத்தினேன். அப்படியும் நான்கு நிமிடம்தான் ஆனது. அவள் திரையில் வந்த கேள்விக்கு ஒப்புதல் கொடுத்தாள். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ரூட்டரோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். அதில் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். பதினான்காம் பக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பதினான்குக்கு வந்து சேர்ந்தாள். ஒரு துண்டுத் தாளை எடுத்து, இடது கையால் மறைத்துக்கொண்டு, எதையோ எழுதினாள்.

"கொஞ்சம் வெளிய நில்லுக்கா. பாஸ்வேர்ட் மாத்தணும்."

அக்கா என்றுதான் சொன்னாள். அந்தச் சொல் இன்னும் என்னிடம் இருக்கிறது என்று ஒரு நொடி மகிழ்ந்தேன். அதற்கும் வெட்கமாக இருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு நடைபாதையில் நின்றேன். கதவு மூடியது. எதிர்வீட்டு வாசலில் உலர்த்தியிருந்த குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நாற்காலி நகரும் சத்தம். தங்கை குழந்தையைக் கூப்பிட்டாள். "குட்டி, இங்க வா. இந்தத் தாள்ல இருக்கறத ஒவ்வொண்ணா சொல்லு, அம்மா அடிக்கறேன்."

குட்டிக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. எழுத்துகளைப் புதிதாகக் கற்றுக்கொண்டவள். வகுப்பில் எழுந்து நின்று ஒப்பிப்பதைப்போல முழுத் தொண்டையில் ஆரம்பித்தாள்.

"பெரிய கே! அப்புறம் ஏழு! அப்புறம் சின்ன எம்!"

மூன்றும் காதில் விழுந்துவிட்டன. கதவைத் தட்டி மெதுவாகச் சொல்லச் சொல் என்று கூப்பிட நினைத்தேன். அதுவும் நான் மறுபடி செய்யும் ஒரு நல்லதாகிவிடும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். முதல் மாடியிலும் அவள் குரல் கேட்டது, எழுத்து புரியவில்லை. ஆனாலும் நிற்காமல் இறங்கித் தெருவுக்கு வந்து, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் போய் நின்றேன். அங்கே எதுவும் கேட்கவில்லை.